படத்தை வாங்கினார்கள், உரிமையையும் வாங்கினார்களா?

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த 34 வயது ஓவியர் ஒருவரிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பல்கலைக்கழகத்தில் சித்திரம் படித்தவர். ரியூட்டரியில் படிப்பிக்கிறார். நகரில் புதிதாகக் கட்டிய ஒரு ஹோட்டலுக்குப் படம் செய்துதரச் சொல்லி, கொழும்பில் இருக்கும் உள்ளக வடிவமைப்பாளர் ஒருவர் இவரைப் பிடித்தார். வரவேற்பு மண்டபத்தில் ஒரு சுவரோவியத்துக்கு 3 லட்சம். அறைகளுக்கு 24 கன்வஸ் படங்கள், படம் ஒன்றுக்கு 25,000 ரூபா. மொத்தம் 9 லட்சம். எல்லாம் தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் பேசியதுதான். முற்பணமாக இரண்டரை லட்சம், ஹோட்டல் கம்பனியின் கணக்கிலிருந்தே இவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. வேலை நடக்கும்போது வடிவமைப்பாளர் மட்டுமல்ல, ஹோட்டல் முகாமையாளரும் நேரே செய்தி அனுப்பினார்: "நீலத்தைக் கொஞ்சம் குறையுங்கோ", "பனையை இன்னும் உயர்த்துங்கோ". சென்ற ஓகஸ்டில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். ஒரு மாதத்தில் மிச்சம் தருவோம் என்றார்கள். இப்போது ஜூன். ஹோட்டலைக் கேட்டால் "வடிவமைப்பாளருக்குக் கொடுத்துவிட்டோம்", வடிவமைப்பாளரைக் கேட்டால் "ஹோட்டல் எனக்கே தரவில்லை".

இதற்கிடையில் அவருடைய சுவரோவியத்தின் ஒரு பகுதி ஹோட்டல் விற்கும் துணிப்பையில் வந்திருக்கிறது. பை 1,800 ரூபா. மெனு அட்டையிலும் இருக்கிறது. இரண்டிலும் அவர் கையெழுத்து வெட்டப்பட்டுவிட்டது. சுவரில் உள்ள கையெழுத்துக்கு முன்னால் பூச்சாடி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இப்போது அதே உரிமையாளர்கள் கிழக்கில் கட்டும் இன்னொரு ஹோட்டலுக்கும் படம் கேட்கிறார்கள். மூன்று மாதிரிப் படங்களை இலவசமாகச் செய்து அனுப்ப வேண்டும், ஆங்கிலத்தில் உள்ள ஒப்பந்தத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்திருக்கிறார்.

"கையெழுத்திட்ட கடதாசி இல்லாததால் வழக்கு நிற்காது என்கிறார்கள். படத்தை விற்றபின் உரிமையும் போய்விட்டது என்கிறார்கள். ஒருவர் 35,000 ரூபா தந்தால் பதிப்புரிமையைப் பதிந்து தருகிறேன் என்கிறார். யாழ்ப்பாணம் சின்ன ஊர், ஒருவரோடு கொழுவினால் மற்றவரும் கூப்பிட மாட்டார். என்ன செய்ய?"

தம்பி, உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் கவலைப்படுவது பையைப் பற்றி. நான் கவலைப்படுவது நாட்காட்டியைப் பற்றி. பைக்கான உரிமை இன்றைக்கு ஓடிப்போகாது. ஆறரை லட்சத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே காசிலிருந்து தொடங்குகிறேன்.

காசுக்குத் தவணை இருக்கிறது

கையெழுத்திட்ட கடதாசி இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்பது எங்கள் ஊரில் வேரோடிப்போன ஒரு தவறான நம்பிக்கை. காணி விற்க எழுத்தும் நொத்தாரிசும் வேண்டும். படம் வரைந்து கொடுப்பதற்கு அப்படி ஒன்றும் தேவையில்லை. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் கடினம். உங்களுக்கு அந்தக் கடினமும் பெரிதாக இல்லை. விலை, எண்ணிக்கை, திருத்தம், "ஒரு மாதத்தில் தருவோம்" எல்லாமே வட்ஸ்அப்பில் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு, ஒரு பேச்சு இலத்திரனியல் வடிவில் நடந்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கித்தள்ள முடியாது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொலைபேசியை இப்போதைக்கு விற்கவும் வேண்டாம், ரீசெட் செய்யவும் வேண்டாம்.

கடன்காரர் யார் என்பது அடுத்த கேள்வி. வடிவமைப்பாளர் ஹோட்டலின் சார்பில் உங்களை அமர்த்தினாரா, அல்லது முழு அலங்கார வேலையையும் தானே கொந்தராத்து எடுத்து அதில் ஒரு பங்கை உங்களிடம் கொடுத்தாரா? முதலாவது என்றால் ஹோட்டல் பொறுப்பு. இரண்டாவது என்றால் வடிவமைப்பாளர் பொறுப்பு, ஹோட்டல் அவருக்குக் கொடுத்ததா இல்லையா என்பது உங்கள் பிரச்சினையே அல்ல. உங்கள் கையில் உள்ள மிகப் பெறுமதியான கடதாசி, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த முற்பணம்தான். அது கம்பனிக் கணக்கிலிருந்து நேரே உங்களுக்கு வந்திருக்கிறது. நீலத்தைக் குறைக்கச் சொன்னவர் முகாமையாளர். இவை இரண்டும் ஹோட்டல் உங்களோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருந்தது என்று காட்ட உதவும். இருந்தாலும் முடிவை இப்போதே எடுக்கத் தேவையில்லை. கோரிக்கைக் கடிதத்தை இரண்டு பேருக்கும் அனுப்பலாம். ஒருவர் மற்றவரைக் காட்டிப் பதில் எழுதினால் நல்லது, யார் எதை ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எழுத்தில் வந்துவிடும்.

இப்போது தவணை. காலாவதி பற்றிய கட்டளைச் சட்டம் எங்களிடம் 1871 முதல் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம், எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் என்று பலருக்கும் தெரியும். அதே சட்டத்தில், செய்து கொடுத்த வேலைக்கும் விற்றுக் கொடுத்த பொருளுக்கும் உரிய காசை, அது செலுத்தவேண்டியதான நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்றும் இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. உங்களுடையது எந்தப் பிரிவில் விழும் என்று இரண்டு பக்கச் சட்டத்தரணிகளும் நின்று வாதாடலாம். அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல், மிகக் குறுகிய காலத்தை உங்கள் கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓகஸ்டில் ஒப்படைத்தீர்கள், ஒரு மாதத் தவணை. அப்படியானால் இந்த செப்டெம்பர். "அடுத்த சீசனுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று மனேச்சர் சொல்வதை நம்பிக் காத்திருந்தால், சீசன் வரும்போது வழக்கு இருக்காது. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதித் தந்தாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ காலக் கணக்குப் புதிதாகத் தொடங்க இடமுண்டு. வாயால் சொல்லும் உறுதிக்கு அந்த மதிப்பு இல்லை.

ஆகவே இந்த மாதத்துக்குள் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம், பதிவுத் தபாலில், 14 நாள் தவணையோடு போகட்டும். வணிக விடயமாக வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருப்பதை எங்கள் நீதிமன்றங்கள் சில வேளை அந்த ஆளுக்கே எதிராக எடுத்திருக்கின்றன. அதனால் பெரிய கம்பனிகள் பொதுவாகப் பதில் எழுதும். குறித்த வரம்புக்குட்பட்ட காசுப் பிணக்கு என்றால் நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும், அதற்கும் நாள் எடுக்கும். இதனால்தான் செப்டெம்பர் வரை இழுக்க வேண்டாம் என்கிறேன். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள், போய்க் கேளுங்கள்.

விலைப்பட்டியல் அனுப்பினால் வரி அலுவலகம் தேடிவரும் என்ற உங்கள் பயத்துக்குச் சுருக்கமான பதில்: 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதாவது அதுவரையான வருமானத்துக்கு வரி இல்லை. நீங்கள் சொல்லும் வருமானத்துக்கு விலைப்பட்டியல் அனுப்பாமல் இருப்பதால் வரி எதுவும் மிஞ்சாது, ஆதாரம்தான் இல்லாமல் போகும்.

சுவர், பை, பூச்சாடி

படம் என்ற பொருளும் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கும் உரிமையும் வேறு வேறு. ஹோட்டல் வாங்கியது பொருளை. சுவரில் மாட்டலாம், அறையை மாற்றலாம், நாளைக்கு வேறொருவருக்கு விற்கலாம். அவற்றை நீங்கள் தடுக்க முடியாது. பையில் அச்சிடுவது, மெனுவில் போடுவது, விளம்பரத்துக்கு வெட்டி எடுப்பது எல்லாம் வேறு கதை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அந்தப் பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர் படத்தை வரைந்தவர். ஒருவரிடம் ஊழியராக இருந்து, அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் மட்டும் உரிமை முதலாளிக்குப் போகும், அதுவும் ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால். உங்களுக்கு மாதச் சம்பளம் தந்தார்களா? ஊழியர் சேமலாப நிதி கட்டினார்களா? இல்லையே. நீங்கள் ஓடர் எடுத்துச் செய்தவர். ஓடர் கொடுத்தவன் என்பதால் மட்டும் உரிமை அவனிடம் போவதில்லை. அதைக் கையளிக்க வேண்டுமென்றால் எழுத்தில், இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு இருக்க வேண்டும். எழுத்தில் சொல்லாத உரிமை எதுவும் சேர்ந்து போகாது. காசு விடயத்தில் உங்களை வாட்டும் அதே "கடதாசி இல்லை" இங்கே அவர்களை வாட்டுகிறது.

பதிவு செய்து தருகிறேன் என்றவருக்கு 35,000 ரூபாவைக் கொடுக்காதீர்கள். படம் உருவான அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடுகிறது. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு என்ற நடைமுறையே இல்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிவது வர்த்தகக் குறி, கைத்தொழில் வடிவமைப்பு, ஆக்கவுரிமை போன்றவற்றை. உங்கள் உரிமை உங்கள் காலம் முழுவதும், அதன் பின் 70 வருடமும் இருக்கும். நீங்கள் சேர்க்க வேண்டியது ஆதாரத்தை: பென்சில் வரைவுகள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், கையெழுத்து தெரியும் சுவரின் படம். யாரையாவது அனுப்பி ஒரு பையை வாங்கிப் பற்றுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். 1,800 ரூபா நல்ல முதலீடு.

பெயர் விடயம் தார்மீக உரிமை. படத்தோடு உங்கள் பெயர் வர வேண்டும், உங்கள் மதிப்பைக் கெடுக்கும் விதமாகப் படத்தைச் சிதைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை அது. பொருளாதார உரிமையை விற்றாலும் இது உங்களிடமே தங்கும். பையில் கையெழுத்தை வெட்டியது இதில் வரும். பூச்சாடி வராது. எரிச்சல் புரிகிறது, ஆனால் பூச்சாடிக்கு எதிராக வழக்காட நான் தயாரில்லை. முகாமையாளரிடம் சிரித்துக்கொண்டே அதை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சுவரையே வெள்ளையடித்து மூடிவிட்டால் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சட்டம் சிதைப்பது, உருமாற்றுவது பற்றிப் பேசுகிறது. அடியோடு அழிப்பதும் அதற்குள் அடங்குமா என்பது வாதாடக்கூடிய கேள்வி. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அரசு 1979இல் கழற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் என்ற சிற்பி வழக்காடினார். 2005இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் இந்திய ரூபா நட்டஈடு கட்டவும் சொன்னது. எங்கள் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். 1979க்கும் 2005க்கும் இடையில் எத்தனை வருடம் என்றும் பாருங்கள். பைக்காகவும் மெனுவுக்காகவும் கொழும்புக்கு ஏறி இறங்கி வழக்காடினால் செலவு வரவை விழுங்கிவிடும் என்பதே என் கணிப்பு. இந்த உரிமையின் பயன் நீதிமன்றத்தில் இல்லை, பேச்சுவார்த்தை மேசையில் இருக்கிறது. அது எப்படி என்று அவர்கள் அனுப்பிய ஒப்பந்தமே காட்டுகிறது.

11ஆம் பந்தி

புதிய ஹோட்டலுக்கான ஒப்பந்தம்தானே என்று மேலோட்டமாகப் பார்த்திருக்கிறீர்கள். 11ஆம் பந்தியைத் தமிழில் சொல்கிறேன்: ஓவியர் இந்தக் குழுமத்துக்காக "இதற்கு முன்னர் செய்த" மற்றும் இனிச் செய்யும் எல்லாப் படைப்புகளினதும் எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகக் கையளிக்கிறார், தார்மீக உரிமை எதையும் கோரமாட்டார். விலை? 4ஆம் பந்தியில் உள்ள புதிய வேலைக்கான கூலி மட்டும்.

அதாவது, நீங்கள் இதில் கையெழுத்திட்டால் பை, மெனு, பழைய 24 படங்கள் எல்லாம் ஒரு சதமும் வாங்காமல் போய்விடும். அவர்களுடைய சட்டத்தரணி கெட்டிக்காரர். பழைய படங்களின் உரிமை தங்களிடம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்த மூன்று சொல்லைச் செருகியிருக்கிறார். தார்மீக உரிமையைக் கைவிடுவதென்றால் எந்த உரிமை, எந்தச் சூழ்நிலையில் என்று எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். "எதையும் கோரமாட்டார்" என்ற மொத்தக் குத்தகை வாசகம் நின்றுபிடிக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்தச் சந்தேகத்தை நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

அவர்களுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும், உங்களுக்கு ஆறரை லட்சம் வேண்டும். இரண்டையும் ஒரே கடதாசியில் கலக்க விடாதீர்கள். பழைய காசு எந்த நிபந்தனையும் இல்லாமல் வர வேண்டிய கடன். அது வந்த பிறகு, பைக்கும் மெனுவுக்கும் மட்டும் ஒரு தனி அனுமதி எழுதிக் கொடுக்கலாம்: எந்தப் படம், எந்தப் பொருளில், எத்தனை வருடம், பெயர் எங்கே வரும். விற்பனையில் வீதம் கேட்பதா, வருடத்துக்கு ஒரு தொகையா என்றால், நான் தொகையைத்தான் சொல்வேன். எத்தனை பை விற்றது என்று எண்ணிப் பார்க்க உங்களால் முடியாது.

இரண்டு விடயம் வேண்டாம்

முகநூலில் எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். எழுதினால் இரண்டு நாள் ஆறுதல், அதன் பின் மானநட்ட வழக்கு என்று ஒரு மிரட்டல் கடிதம். யார் கடன்காரர் என்பதே தீராத நேரத்தில் "ஏமாற்றுக்காரர்கள்" என்று பெயர் சொல்லி எழுதுவது உங்களுக்குத்தான் ஆபத்து.

நண்பர்களோடு போய் அறைப் படங்களைக் கழற்றிக்கொண்டு வருவதும் வேண்டாம். கடனுக்குத் தவணை கொடுத்து ஒப்படைத்த பொருள் இப்போது அவர்களுடையது என்று வாதிட இடமிருக்கிறது. கழற்றினால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டாளராக நிற்பது அவர்கள், விளக்கம் சொல்வது நீங்கள்.

அடுத்த வேலைக்குப் பேசும்போது

கோயிலுக்கு வாகனம் செய்யக் கொடுத்தால் ஆசாரியார் முற்பணம் வாங்காமல் மரத்தில் உளி வைப்பதில்லை. அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுப்பதுமில்லை. ஹோட்டலிடம் மட்டும் ஏன் கூச்சம்? கன்வஸும் பெயின்டும் வாங்கவே 1,80,000 ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். முற்பணத்தில் மிஞ்சிய 70,000 ரூபாவில்தான் அத்தனை மாத உழைப்பும் நடந்திருக்கிறது. பாதியை முதலில் வாங்குங்கள், கால்வாசியை வேலை நடுவில், மிச்சத்தை மாட்டுவதற்கு முன். மாட்டிய பிறகு, ஹோட்டல் திறந்த பிறகு, கட்டடக் கொந்தராத்துக்காரரின் கடைசி பில் முடிந்த பிறகு என்று எந்தத் தவணையையும் ஏற்காதீர்கள். திறப்பு விழா ஒருபோதும் சொன்ன திகதிக்கு நடப்பதில்லை. முழுக் காசும் வரும்வரை கழற்றக்கூடிய படங்கள் உங்கள் சொத்தாகவே இருக்கும் என்று ஒரு வரி எழுதலாம். சுவரோவியத்துக்கு அது பயன்படாது, சுவரைக் கழற்ற முடியாதே. அதற்குக் கடைசிக் கோடு போடும் முன்னரே காசு வந்திருக்க வேண்டும்.

சுவரின் பொறுப்பு யாருடையது என்று எழுதுங்கள். நான் பார்த்த சுவரோவியப் பிணக்குகளில் பாதி இதனால் வந்தவை. கடலும் களப்பும் சுற்றிய ஊர், ஐப்பசி கார்த்திகை மழை, பழைய சுண்ணாம்புச் சுவர். ஈரம் ஏறி உப்புப் பூத்துப் பெயின்ட் பெயர்ந்தால் "ஓவியன் சரியாகச் செய்யவில்லை" என்பார்கள். தொடங்கும் முன் சுவர் காய்ந்திருக்கிறது, கசிவு இல்லை என்று அவர்களுடைய பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஈரக்கசிவு, குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர், நேர் வெயில் இவற்றால் வரும் பழுதுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் போடுங்கள். படத்தை மூடவோ மாற்றவோ நினைத்தால் 60 நாள் முன்னரே அறிவிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

திருத்தத்துக்கும் எல்லை வேண்டும்: வரைவு நிலையில் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம். இலவச மாதிரிப் படம் வேண்டாம். செய்த வேலையின் படங்களைக் காட்டுங்கள், புதிதாகத்தான் வேண்டுமென்றால் ஒரு சிறிய வரைவு, அதற்கும் கட்டணம். ஓடர் கிடைத்தால் கழித்துக்கொள்ளலாம். காசுக்குப் பதிலாக இரண்டு இரவு இலவசத் தங்கல் என்று சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

சின்ன ஊர் என்ற உங்கள் பயம் முழுக்கப் பொய்யல்ல. இடையில் நிற்கும் வடிவமைப்பாளர் கோபப்படலாம், அவர் வழியாக வரும் வேலை நிற்கலாம். ஹோட்டல் கணக்குப் பகுதிக்கோ கோரிக்கைக் கடிதம் ஒன்றும் புதிதல்ல. மீன்காரரும் லோண்டரிக்காரரும் மாதாமாதம் அனுப்புகிறார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்ப இப்படி எழுதலாம்: "ஒப்பந்தம் கிடைத்தது, நன்றி. புதிய வேலை செய்ய விருப்பம். முந்திய வேலைக்கான மீதி 6,50,000 ரூபா கிடைத்த பின் இதைப் பேசலாம். 11ஆம் பந்தியை இப்போதுள்ள வடிவில் ஏற்க முடியாது. முன்னைய படங்களின் பதிப்புரிமை எதையும் நான் கையளிக்கவில்லை. பையிலும் மெனுவிலும் அவற்றைப் பயன்படுத்துவது பற்றித் தனியே எழுதுகிறேன்." வடிவமைப்பாளருக்கும் முகாமையாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். உடனே தொலைபேசி அடிக்கும். எடுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், எதற்கும் ஓம் சொல்லாதீர்கள். வைத்த கையோடு, "நீங்கள் இப்போது சொன்னது இதுதானே" என்று பேசியதை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.